மூடாத ரிவால்வர்

தேர்தலை அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் என்று சொல்லியிருந்தார்கள். நாலு மணிக்கு நான் என் ரிவால்வரோடு கொல்லையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பிட்டராக இருபது வருஷம் கான்ட்ராக்டில் ஓட்டியவன் நான். எங்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, கிரீஸ். துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலுக்குப் போவதற்கு முதல் நாள், குண்டு போடும் உருளையின் ஆறு துளைகளுக்குள்ளும் குச்சியைவிட்டு கிரீஸ் தடவினேன். எங்கள் ஊர்க் காற்றில் பறக்கும் நிலக்கரித் தூள் ராத்திரியோடு ராத்திரியாக அதில் ஒட்டிக்கொண்டது.

குட்டைக் குழல் ரிவால்வருக்குத் தள்ளுகம்பியும் குட்டை. சுட்டபின் உருளையைத் திறந்து அந்தக் கம்பியை அழுத்தினால், நட்சத்திரம் போன்ற ஒரு தகடு எழும்பி ஆறு வெற்றுத் தோட்டாக்கூடுகளையும் தூக்கும். முழுக்கத் தூக்காது, முக்கால்வாசிதான். அதனால் குழலை வானத்தைப் பார்க்க வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடிக்க வேண்டும். நானோ திடலில் குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்து, பூப்போல அழுத்தினேன். ஐந்து விழுந்தன. ஆறாவது, நட்சத்திரத்துக்கு அடியில் வழுக்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் உருளை மூடவில்லை. பிட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஜம்பமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், தேர்தல் முடிந்ததும் தனக்குப் பாதுகாவலனாக வரச் சொல்லியிருந்தார். துப்பாக்கி லைசென்ஸ்தான் என் ஒரே தகுதி. ஒப்படைக்காவிட்டால் லைசென்ஸும் போகும், வேலையும் போகும். கான்ட்ராக்ட் மாறியதில் மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டியிருந்தது.

“ஏங்க, பேசாம பல்லு புடுங்குற டாக்டராண்ட எட்த்துக்கினு போங்க,” என்றாள் மனைவி.

ரிவால்வரைத் துண்டில் சுற்றி, கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே பெஞ்சில், தன் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அதே முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காதது போல பதிவேடு எழுதும் ரைட்டர் அம்மாவின் மேஜைக்குப் போனேன்.

“மூடிக் குடுங்க. பையில போட்டு அரக்கு வைக்கணும்,” என்றார் ரைட்டர்.

“மூட வரலீங்க மேடம்.”

“அப்ப வாயத் தொறந்துகினே எலெக்‌ஷனப் பாக்கட்டும்ங்கிறீங்களா?”

நான் பையிலிருந்து பிளையர், ரம்பப் பிளேடு, பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் என்று வரிசையாக மேஜையில் எடுத்து வைத்தேன். புல்லரைக் கண்டதும் ரைட்டர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அதெல்லாம் உள்ள வைங்க மொதல்ல. தகட்டத் தூக்கிப் புடிங்க,” என்று சொல்லி, எழுதிக்கொண்டிருந்த பேனாவை உருளையின் முன்பக்கத் துளைக்குள் விட்டுத் தள்ளினார். கூடு கொஞ்சம் நகர்ந்தது. அதைப் பிடித்து எடுக்க எங்களிடம் கை இல்லை. என் இரண்டு கையும் கம்பியிலும் உருளையிலும். அவர் கை ஒன்று பேனாவில், இன்னொன்று ரிவால்வரின் பிடியில்.

“சார், கொஞ்சம் வாங்க. உங்க நகம் நீளமா கீது,” என்று ரைட்டர் முதலாளியைக் கூப்பிட்டார்.

நான் யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவரே குனிந்து, நகத்தால் கூட்டைக் கவ்வி இழுத்தார். அது எகிறி அவருடைய வெள்ளைச் சட்டையில் கரிய கிரீஸைப் பூசிவிட்டு விழுந்தது. உருளை மூடிக்கொண்டது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அரக்கு வைத்து ரசீது கொடுத்தார்கள்.

முதலாளியும் தன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நான் ரசீதை மடித்துக்கொண்டு நின்றேன். சட்டையைத் துடைத்தபடியே கேட்டார்.

“ஏம்பா, ஆறு குண்டும் சுட்டு முடிச்சப்புறம் ஏழாவதா ஒருத்தன் வந்தா இன்னா பண்ணுவ? அவனாண்ட பேனா கேப்பியா?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“எலெக்‌ஷன் முடிஞ்சதும் வேலைக்கு வா. ஆனா அந்தத் துப்பாக்கியத் திரும்ப வாங்காத. இங்கியே கெடக்கட்டும்.”

சந்தோஷப்பட்டேன், கூனிக்குறுகியும் போனேன். இப்போது தினமும் அவர் பின்னால்தான் நடக்கிறேன். கையில் ஒரு மூங்கில் தடி கொடுத்திருக்கிறார்.