பதினாறு கட்டையும் ஒரு பிலா இலையும்

கல்முனைக்குடியில் ஸகியாவின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். அவள் தைத்த பள்ளிக்கூடச் சட்டையைப் போடாத பிள்ளை அந்த வட்டாரத்தில் குறைவு. முப்பது வருடமாகத் தையல் மெஷினை மிதித்த கால் அவளுடையது. வாய் காலைவிட வேகம். அவள் தையலுக்குக் குறை சொன்னவர்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு, சொல்லிவிட்டுச் சும்மா திரும்பிப் போனவர்கள் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஊரில் ஒரே ஓர் எதிரி. மிஹ்லாரின் தச்சுப் பட்டறையில் கூடுகிற கடதாசிக் கூட்டம், அதாவது சீட்டு ஆடுகிறவர்கள். அவளுடைய கணவர் அபுல் ஹஸன் பின்னேரம் அஸர் தொழுத கையோடு அங்கே போய்விடுவார். அவரும் முகம்மது தம்பியும் ஒரு பக்கம், பட்டறைக்காரர் மிஹ்லாரும் கச்சிமுகம்மதுவும் மறுபக்கம். ஆடுவது முந்நூற்றி நாலு என்கிற ஆட்டம். காசு வைப்பதில்லை, அது ஹறாம். தோற்ற பக்கம் பட்டறை வாசலில் நிற்கும் பிலா மரத்தில் ஓர் இலையைப் பறித்துக் காதில் கொழுவிக்கொண்டு, தெரு வழியே வீடு வரைக்கும் நடந்து போக வேண்டும். அதுதான் பந்தயம். நரைத்த தாடியும் காதில் பிலா இலையுமாக அந்த மனிதர்கள் தெருவில் வருவதைப் பார்த்து ஸகியா எத்தனை நாள் தலையில் அடித்திருப்பாள்!

அபுல் ஹஸன் கடற்கரையில் மீன் ஏலம் கூறி விற்றவர். வலை கரைக்கு வந்ததும் அவர் குரல் எழும்பும். யார் எவ்வளவு கேட்டார், யார் பின்வாங்கினார் என்பதெல்லாம் துண்டுக் கடதாசி இல்லாமல் மண்டையில் நிற்கும். அந்த மண்டையை வைத்துக்கொண்டுதான் கடதாசி ஆட்டத்திலும் எல்லோரையும் ஆட்டிப் படைத்தார். பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணில் போய் ஏறியது. கண்டிக்கும் கொழும்புக்கும் வைத்தியத்துக்கு அலைந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நோன்பு காலத்தில் மிச்சமிருந்த வெளிச்சமும் போனது.

கூட்டாளிகள் கைவிடவில்லை. வீட்டுக்கு வந்தார்கள்.

“உன்ட கடதாசிய நாங்க காதுக்குள்ள சொல்றம். நீ ஆடு மச்சான்” என்றார் முகம்மது தம்பி.

“என்ட கையில என்ன இரிக்கி எண்டு இன்னொருத்தன் சொல்லி நான் ஆடுறதா?” என்று கேட்டார் அபுல் ஹஸன். “வேணாம். நீங்க போய் ஆடுங்க.”

அதோடு கதிரையில் உட்கார்ந்தவர்தான். கடற்கரை முழுக்கக் கேட்ட குரல் ஒரு நாளைக்கு ஆறு சொல்லைத் தாண்டவில்லை. கறிக்கு உப்பில்லை என்றாலும் சொல்லமாட்டார். ஸகியா தையலை விட்டுவிட்டு அடிக்கடி அவர் பக்கம் எட்டிப் பார்த்தாள். கட்டின நாளிலிருந்து எந்த விளையாட்டைத் திட்டித் தீர்த்தாளோ, அதை எப்படியாவது இவருக்கு மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவளே நினைக்கும் நிலை வந்தது.

முதலில் கடதாசியில்தான் கை வைத்தாள். ஒவ்வொன்றிலும் தையல் ஊசியால் குத்தி, விரலால் தடவி அறியும்படி அடையாளம் செய்தாள். கூட்டாளிகள் வீட்டுக்கே வந்து ஆட, இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் கச்சிமுகம்மது தலையைச் சொறிந்தார்.

“மதினி, குத்தின ஓட்டை பின் பக்கத்தாலயும் தெரியுது. எல்லார்ட கையும் எனக்கு வெளிச்சமாத்தான் இரிக்கி.”

ஊசி வேலை அதோடு முடிந்தது.

ஒரு பகல் அவள் காற்சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அபுல் ஹஸன் கதிரையில் இருந்து தனக்குள் முணுமுணுத்தார். ஜக் முப்பது, ஒன்பது இருபது, ஆஸ் பதினொன்று, பத்து பத்தேதான், ராசா மூன்று, ராணி இரண்டு. கூட்டினால் எழுபத்தாறு. நாலு இனத்துக்கும் சேர்த்து முந்நூற்றி நாலு. எட்டுக்கும் ஏழுக்கும் பெறுமதியே இல்லை. ஸகியா விரல் மடித்தாள். பெறுமதி உள்ள கடதாசி ஓர் இனத்துக்கு ஆறு. அவளுடைய பொத்தான் டப்பாவுக்குள் பிள்ளைகள் எப்போதோ போட்ட லூடோ கட்டை ஒன்று கிடந்தது. அதற்கும் ஆறு பக்கம்.

காலில் செருப்புக்கூடப் போடாமல் மிஹ்லாரின் பட்டறைக்கு ஓடினாள்.

வேப்பம் பலகைத் துண்டில் பதினாறு கட்டை அறுபட்டது. ஆளுக்கு நாலு, இனத்துக்கு ஒன்று. இஸ்பேட் கட்டைக்கு மூலை கூர், ஆட்டினுக்கு மூலை மழுங்கல், டயமனுக்கு மூலை வெட்டு, கிளாவருக்கு விளிம்பில் ஒரு வரி. பக்கங்களின் அடையாளத்தை அவளே உளி பிடித்துச் செய்தாள். ஜக்குக்கு ஓர் ஆணித்தலை. ஒன்பதுக்கு ஒரு குழி. ஆஸுக்கு ஒரு கோடு, பத்துக்குப் பெருக்கல் அடையாளம், ராசாவுக்கு மூன்று புள்ளி, ராணி வெறும் வழுவழுப்பு. கண் உள்ளவர்களுக்காக மையால் எழுதியும் விட்டாள். இடது கைப் பெருவிரலில் உளி பட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அவளே நீட்டிக் காட்டுவாள்.

ஆட்டத்தின் முறையும் அவளே வகுத்ததுதான். முப்பது வருடம் அவர் வீட்டில் வந்து சொல்லிக் கேட்ட ஆட்டம், தெரியாமல் போகுமா? ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு குட்டைப் பலகை மறைப்பு. அதற்குப் பின்னால் முதலில் இரண்டு கட்டையை உருட்டி, பார்த்தோ தடவியோ அறிந்துகொள்வார்கள். அதை நம்பி, இத்தனை பெறுமதி சேர்ப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும். நூறுக்குக் குறையக் கேட்க முடியாது. கூடக் கேட்டவர் ஓர் இனத்தைத் துரும்பாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு கட்டையும் உருளும். ஒருவர் ஒரு கட்டையை நடுவில் வைத்தால் மற்றவர்களும் அதே இனத்தை வைப்பார்கள். பெரியதை வைத்தவர் நாலையும் அள்ளலாம், அதற்குப் பெயர் பிடி. ஒரே பக்கம் இரண்டு விழுந்தால் முதலில் வைத்தவருக்கு. துரும்புக் கட்டை இன்னும் கையில் இருப்பவர் அதைப் போட்டு எந்தப் பிடியையும் வெட்டலாம். கேட்ட பக்கம் கேட்ட தொகையைச் சேர்த்தால் அந்த ஆட்டம் அவர்களுக்கு, சேர்க்காவிட்டால் எதிர்ப் பக்கத்துக்கு. முதலில் பத்து ஆட்டம் எடுத்தவர்கள் வென்றவர்கள். வைக்கும் கட்டையின் பெயரை எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் புதுச் சட்டம்.

பக்கத்து வீட்டு நஸ்லியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“ராத்தா, கடதாசியே நல்லமில்ல எண்டுறாங்க. கட்டை உருட்டுறது அதவிடக் கூடாதாமே?”

“காசு வைக்கிறாங்களா? இலைதானே வைக்கிறாங்க” என்றாள் ஸகியா. நஸ்லியாவுக்கு அது போதவில்லை. அந்த வாக்குவாதம் இன்னும் அவர்களுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அபுல் ஹஸன் கட்டைகளை மடியில் வைத்து ஒரு மணி நேரம் தடவினார். பிறகு, “இது ஆட்டின் ஒன்பது” என்றார். “இது கிளாவர் ராசா.” அடுத்து எழும்பி நின்றார். “சாரத்த எடு புள்ள, உடுத்தணும். பட்டறைக்குப் போகணும்.”

இந்த இடத்தில்தான் ஸகியா ஒரு மடத்தனம் செய்தாள். அன்பு மிஞ்சினால் புத்தி மட்டுப்படும் என்பதற்கு அவளே சாட்சி. அவரைப் பட்டறையில் உட்கார வைப்பதற்கு முன்பே மற்ற மூவரையும் தனியே பிடித்து, “ஒரு மாசத்துக்காவது அவர் தோற்காமப் பாத்துக்கொள்ளுங்க காக்கா. தோத்தா மனசு விட்டிருவார்” என்று கூடப் பிறந்த அண்ணன்மாரிடம் போலக் கெஞ்சினாள். கெஞ்சினதோடு விட்டாளா? வாரத்துக்கு ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பமும் பட்டறைக்குப் போனது.

மூன்று வாரம் அபுல் ஹஸன் பக்கம் தோற்கவே இல்லை. வீட்டில் குரல் திரும்பியது. கறிக்கு உப்பில்லை என்று சண்டை பிடித்தார். ஸகியா தன்னைத்தானே மெச்சிக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

நாலாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, அவரைக் கூட்டி வர அவள் பட்டறை வாசலுக்குப் போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கிளாவர் துரும்பு. மிஹ்லார் இஸ்பேட் ஜக்கை வைத்தார். முகம்மது தம்பி ராணியை வைத்தார். பிடி மிஹ்லாருக்குத்தான், வேறு பேச்சில்லை. அடுத்துக் கச்சிமுகம்மது, “கிளாவர் ஜக்” என்று சொல்லித் தன் சொந்தக் கூட்டாளியின் பிடியையே வெட்டினார்.

அபுல் ஹஸன் கையைத் தன் கட்டைக்கு மேல் வைத்தபடியே இருந்தார்.

“மச்சான், நாப்பது வருசமா நீ என்னோட ஆடுறாய். உன்ட கூட்டாளி எடுத்த பிடிக்கு மேல ஒருநாளாவது துரும்பு ஜக்கப் போட்டிருக்கியா?”

“மறதி மச்சான்” என்றார் கச்சிமுகம்மது.

“உனக்கு மறதி வரும். ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல வருமா? கிழமைக்கொரு வட்டிலப்பம் ஏன் இஞ்ச வருது எண்டும் நான் யோசிச்சன்.” அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தகர டின்னுக்குள் போட்டு மூடினார். “கண்ணுதான் போச்சுது. நீங்க என்னைய ஆளாவே கணக்கெடுக்கல்ல.”

வீடு வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. கதிரை பழையபடி அவரைப் பிடித்துக்கொண்டது. ஸகியாவுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருடத்தில் அவள் யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வந்ததும் எதிரே போய் நிலத்தில் உட்கார்ந்தாள்.

“நான்தான் சொன்னன். அவங்கள ஏசாதீங்க. தோத்தா உடைஞ்சிருவீங்க எண்டு பயந்திட்டன்.”

“தோத்து உடைஞ்சவன் எவன் புள்ள?” என்றார் அவர். “முப்பது வருசத்துல எத்தின இலை கொழுவியிருப்பன். நீயே தலையில அடிச்சிருக்காயே.”

“ஓம்.”

“தோக்க விடாத இடத்துல எனக்கு என்ன வேலை?”

அவள் அழுதுவிட்டாள். முகத்தைத் துடைத்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள். மூவரும் ஆடாமல் சும்மா குந்தியிருந்தார்கள்.

“நான் முதல்ல சொன்னத வாபஸ் வாங்கிறன்” என்றாள். “இனி வட்டிலப்பமும் வராது. அவர வெட்ட ஏலுமெண்டா வெட்டுங்க. ஏலாட்டி இலையக் கொழுவிக்கிட்டுப் போங்க. அவருக்கு ஒரு கட்டை விட்டுக் குடுத்தது தெரிஞ்சிதோ, இந்தப் பட்டறைக்குள்ள ஆட்டமே நடக்காது.”

கச்சிமுகம்மது சிரித்தார். “மதினி, இந்த மூணு கிழமையும் நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெல்ற கட்டையக் கையில வச்சிக்கிட்டுத் தோக்கிறது லேசா?”

சனிக்கிழமை அபுல் ஹஸனை முகம்மது தம்பி வந்து கூட்டிப் போனார். அவள் கூடப் போகவில்லை. மெஷினில் உட்கார்ந்தாள், ஒரே சட்டைக் கையை இரண்டு தரம் மாற்றித் தைத்துப் பிரித்தாள். இன்றைக்கும் விட்டுக்கொடுத்தால் அவர் இனி அந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் தெருவில் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எழும்பி வாசலுக்கு வந்தாள்.

முகம்மது தம்பியின் தோளில் கை வைத்து அபுல் ஹஸன் வந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் காதிலும் பிலா இலை. பத்துக்கு எட்டு ஆட்டத்தில் தோல்வி. கடைசி ஆட்டத்தில் அவருடைய ஆட்டின் ஜக்கைக் கச்சிமுகம்மது ஈவிரக்கமில்லாமல் வெட்டியிருந்தார். தெருவில் ஒருவர் விடாமல் பார்த்தார்கள். அவர் மீன் கூறுகிற காலத்தில் நடந்தது போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எதிரே வந்த கடைக்காரர், “என்ன காக்கா, இலையா?” என்று கேட்டதற்கு, “ஓம், வெட்டிட்டானுகள்” என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

ஸகியா ஓரடி முன்னே வந்தாள். வாசலுக்கு வந்தவரின் காதில் இருந்து இலையை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீடு வந்திட்டுதே” என்றாள்.

“இரிக்கட்டும் புள்ள. பள்ளிக்குப் போகக்குள்ள எடுப்பம்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உள்ளே போய்க் கதிரையைத் தூக்கி வந்து, தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி வாசலுக்கு வெளியே போட்டாள்.