கோளாறு ஏதும் இல்லை என்றார்கள்

பூமி இத்தனை காலமாக யார் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதற்குக் காரணம் ஒரு பஸ் டிரைவர். அவர் ஒரு வளைவில் வண்டியைத் திருப்பியதை மேலேயிருந்து பார்த்த பிறகுதான் பூமிக்கே ஒழுங்காகத் திரும்ப வந்தது. காற்று அவரிடம்தான் ஓரமாகப் போகப் பழகியது. மேகங்கள் மோதாமல் நகர்வதற்கு உரிமம் கொடுத்ததும் அவர்தான். இடி இடிக்கிறது என்றால், அவரிடம் தேர்வில் தோற்ற மேகம் என்று அர்த்தம்.

இதில் நம்பக்கூடிய பகுதியும் உண்டு. டிப்போவில் அவருக்குத் 'தொட்டில்' என்று பெயர். அவர் பஸ்ஸில் ஏறினவர்கள் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு, கண்டக்டரோடு சண்டைக்கு நிற்பார்கள். அவர் பெயரில் வந்த புகார் எல்லாம் இந்த ஒரு வகைதான்.

ஓய்வு பெற்றதும் கியர் தானே மாறுகிற கார் ஒன்றை வாங்கினார். கிளட்ச் மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று வெளியே சொல்லிக்கொண்டார். உண்மைக் காரணம் மனைவி. அந்த அம்மாள் ஒரு தையல் கம்பெனியில் மேஸ்திரி. கணவர் ஊரையே உட்கார வைத்து ஓட்டிய காலத்தில், அவள் வேறு யாரோ ஓட்டிய பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். இனிமேல் அவளை உட்கார வைத்துக் கொண்டுபோய் விட வேண்டும். மனுஷனுக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலக் கார் குலுங்க ஆரம்பித்தது. என்ஜின் சூடேறிய நேரங்களில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் முனகுமே தவிர நகராது. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். கடைசியில் ஒருநாள், நாற்சந்தியின் நட்டநடுவில், மனைவி பக்கத்தில் இருக்கும்போது மொத்தமாக உயிரை விட்டது. ஒரு லாரி பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. லாரிக்காரன் சொன்னதில் எழுதக்கூடியது, ஓட்டத் தெரியாதவன் வீட்டில் கிட என்பது மட்டும்தான்.

மனைவி அன்றைக்கே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டாள்.

சர்வீஸ் சென்டரில் காரின் வயிற்றில் ஒரு வயரைச் செருகி ஸ்கேனரைப் பார்த்தார்கள். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் உத்தரவு போடுகிற மாட்யூல் என்று ஒன்று உள்ளே இருக்கிறதாம். கோளாறு வந்தால் அது குறித்து வைத்துக்கொள்ளுமாம். தொட்டிலின் காரில் அது எதையுமே குறித்து வைக்கவில்லை. கோளாறு ஏதும் இல்லை, ஓட்டும் முறை காரணமாக இருக்கலாம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை போனபோதும் அதே வரி. ஓட்டும் முறை. தொட்டிலைப் பார்த்து.

மூத்த மகளும் மாப்பிள்ளையும் மாடியில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையாவது போடலாம். அவர் ஒரு மாலை கீழே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய வண்டி ஓட்டின காலு. இந்த மாதிரி வண்டி பழகறது கஷ்டம். அத்தைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

தொட்டில் மனைவியைப் பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே மடித்த துணியை.

"இன்னொரு தடவை காட்டலாம் மாப்பிள்ளை. அப்பவும் ஒண்ணுமில்லைன்னு வந்தா சாவியை நீங்களே வெச்சுக்கங்க."

சென்டருக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, முந்தைய இரண்டு முறையும் செய்ததையே அவர் செய்தார். டிப்போவில் அழுக்கு வண்டியைப் பட்டறைக்குள் விடமாட்டார்கள். கழுவித்தான் கொண்டுபோக வேண்டும், கழுவுமுன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. பானெட்டைத் திறந்து, வயரைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு குழாயையும் ஈரத் துணியால் துடைத்து, ராத்திரி முழுக்கக் காய விட்டு, காலையில் வயரை மாட்டினார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயாராகிற வீடு மாதிரி இருந்தது என்ஜின்.

ஸ்கேனர் மறுபடியும் ஒன்றுமில்லை என்றது. சென்டர் வாசலிலேயே சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது பின் சீட்டில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டி நின்ற பிறகும் இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை அந்தக் காரில் ஆபீஸ் போக ஆரம்பித்தார். தொட்டிலின் சின்ன மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர், பள்ளிக்கூடத்தில் இதைவிட மோசமான பெயர், இதை எழுதுவதும் அதுதான். அது காரின் பின்னால் பழகுநர் ஓட்டுகிறார் என்பதற்கான சிவப்பு 'எல்' ஒன்றை ஒட்டிவிட்டது. மாப்பிள்ளை நாலு நாள் அந்த எல்லோடு ஊரைச் சுற்றினார். எல்லாரும் ஏன் இவ்வளவு மரியாதையாக வழிவிடுகிறார்கள் என்று அக்காவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அப்புறம் ஒருநாள் மேம்பாலத்தின் உச்சியில் கார் அவரையும் கைவிட்டது.

மாப்பிள்ளை காரைக் கழுவுகிற ஜாதி இல்லை. இழுவை வண்டியில் தூசியும் காக்கை எச்சமுமாக அப்படியே சென்டருக்குப் போனது. தொட்டிலும் கூடப் போனார். வயரைச் செருகியதும் ஸ்கேனர் திரை முழுக்க வரி வரியாகக் கொட்டியது. கியர் மாட்யூல் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்ததாம். வரவேற்பில் இருந்த அதிகாரி மாப்பிள்ளையை 'சார்' என்றார், நாற்காலி போட்டார், புது மாட்யூல் இலவசம் என்றார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். இதற்கு முன்பு வந்தபோதெல்லாம் மாட்யூலின் நினைவு துடைத்துப்போட்ட மாதிரி காலியாக இருந்தது, பேட்டரி வயரைக் கழற்றினால் அப்படித்தான் அழிந்துபோகும், யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று.

"நான்தான் கழட்டினேன்" என்றார் தொட்டில். "உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"கார்ல இருக்கற கடிகாரமே பூஜ்யத்துலேர்ந்துதானே ஓடிட்டு இருந்துச்சு. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கோளாறைக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு சாட்சி இருந்தது, அதை மூன்று முறை தன் கையாலேயே குளிப்பாட்டி வாயை அடைத்திருக்கிறோம் என்பது தொட்டிலுக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் அந்த அதிகாரியை அறையாமல் வந்தாரே, அந்தப் பொறுமைக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும்.

காருக்குப் புது மாட்யூல் போட்டு வந்தது. மிதித்தால் பட்டு மாதிரி போனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கோளாறு காரில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அப்படியென்றால் தொட்டில்மேல் தப்பில்லை என்று வாயைத் திறந்து ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாவி மாப்பிள்ளையின் சாவிக்கொத்திலேயே இருந்தது. தொட்டில் ஒருமுறை, ஒரே முறை, மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து நான் கொண்டு விடட்டுமா?"

"எதுக்குங்க. பஸ் பழகிடுச்சு. சாவி அவர்கிட்டயே இருக்கட்டும், குடுங்கன்னு கேட்டா மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும்."

இவர் மனசைப் பற்றி யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் மனைவியோடு நிறுத்தம்வரை நடந்து போவார். பஸ் வரும். அவள் முண்டியடித்து ஏறுவாள். டிரைவர் கிளட்சை விடுகிற லட்சணத்தைப் பார்த்து இவர் முகம் சுளிப்பார். உள்ளே நின்றிருந்தவர்கள் மொத்தமாகப் பின்னால் சாய்வது வெளியே தெரியும்.

அதை ஒருநாள் வாலு பார்த்துவிட்டது. அன்று சாயங்காலம் மாடிக்குப் போய், அக்காவிடம் கணக்கில் சந்தேகம் கேட்டது. அது கணக்கில் சந்தேகம் கேட்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம், அக்காவுக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் காலை தொட்டில் சட்டையை எடுத்து மாட்டும்போது பை கனத்தது.

வாலு வாசலில் செருப்புக்கு வார் போடுகிற மாதிரி குனிந்திருந்தது. தொட்டில் பின்னால் வந்து நின்றார்.

"மாடியிலேர்ந்து நேத்து யாரோ பூனை மாதிரி இறங்கினாங்க. யாரு தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"பின்படியில ஏறறது யாரு, இறங்கறது யாருன்னு காதாலயே பார்த்து வண்டி ஓட்டினவன்டி நான்." சாவிக்கொத்தை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அதில் மாப்பிள்ளையின் ஆபீஸ் மேஜை, மாடிக் கதவு, சைக்கிள் பூட்டு எல்லாம் தொங்கின. "திருடறதுன்னா ஒழுங்கா ஒண்ணை மட்டும் எடுக்கணும். மொத்தக் குடும்பத்தையும் கொண்டாந்திருக்க."

வாலு சிரிக்கப் பார்த்தது. வரவில்லை. அவர் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"அவர் எழுந்திரிக்கறதுக்குள்ள எடுத்த எடத்துல வெச்சிட்டு வா. குடுக்கறவங்க கையால வந்தாத்தான் எனக்கு அது சாவி."

பிறகு, அவள் பாதிப் படி ஏறியதும்:

"அந்த எல்லும் நீதானே?"