வாயில் படுகிற இரும்பு

தேய்க்கத் தேய்க்கத் துணி சிவப்பாகிக்கொண்டே வந்தது. சுத்தமான பக்கம் தீர்ந்ததும் விக்னராஜா அதை மூலையில் எறிந்துவிட்டு இன்னொன்றைக் கிழித்தான்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கடிவாளம் செய்யும் ரெக்ஸ் மல்லனின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவன் ஒருவன்தான் நின்றான். மேசையில் ஒரு குதிரைக் கடிவாளம். குதிரையின் கன்னத்தில் தொங்குவதற்கு இரு பக்கமும் இரண்டு தகடுகள், அவற்றின் நடுவே வாய்க்குள் போகிற இரும்புத் தண்டு. தகடுகளின் மேல் வெள்ளி ஒட்டி, அந்த வெள்ளியில் கொடியும் இலையும் செதுக்கியிருந்தான். செதுக்கு மட்டும் பதினொரு நாள். தகடுகள் கண்ணைக் கூசச் செய்தன. தண்டோ கடலில் கிடந்து எடுத்த ஆணி போல இருந்தது.

புதன்கிழமை ரெக்ஸ்தான் தண்டின் மேல் உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றினான். "வெள்ளிக்கிழமை அவிழ். சனி காலை கடிவாளத்தை வாங்க மிஸஸ் கோர்மன் வருகிறாள்" என்று சொல்லிவிட்டு, ஊர் ஊராகப் போய்க் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் வேலைக்குக் கிளம்பிவிட்டான். வேறு எதுவும் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

விக்னராஜாவுக்கு உப்புத்துணி புரிந்தது. யாழ்ப்பாணத்தில் பற்றவைத்த நகையைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கறை இளகும். பிறகு தேய்த்து, பூந்திக்கொட்டை நுரையில் கழுவி, மெருகு போட்டுத்தான் ஆளின் கையில் கொடுப்பார்கள். ஊறப்போட்டதை யாராவது அப்படியே கொடுப்பார்களா?

ஐந்து மணிக்குத் தண்டு வெள்ளையாகிவிட்டது. ஆனால் இரும்பு இரும்புதான். விடிவதற்குள் மறுபடி துருப் பூத்துவிடும். அவன் யோசித்தான். இது வாயில் படுகிற பொருள். வாயில் படுகிற பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டும். ரெக்ஸின் இழுப்பறையில் ஒரு சிறிய உலோகக் கோல் கிடந்தது. அதைக் காதருகே வைத்து வளைத்தான். மெல்லக் கிரீச்சிட்டது. காரீயம் சத்தம் போடாது. இது வெள்ளீயம், நஞ்சில்லாதது. தகடுகளில் ஈரத்துணி சுற்றினான். தண்டைச் சூடாக்கினான். நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கி, பஞ்சால் ஒரே இழுப்பில் பூசினான். தண்டில் ரெக்ஸ் சொன்னபடி பதித்திருந்த செப்புப் பட்டைகளும் மூடுண்டு போயின. அது பரவாயில்லை என்று பட்டது. பிரிக்க முடியாத ஒரே வெள்ளை. மணி ஏழு.

தூக்கிப் பார்த்தபோது மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை.

மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம்தான். அவன் யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியில் செதுக்கு வேலைக்காரன். தங்கம் வருவது குறைந்து, பட்டறையில் பாதி நாள் சும்மா இருந்த காலத்தில், தாதியான அவன் மனைவி நாகேஸ்வரிக்கு மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எழுபத்து நாலில் வந்தார்கள். நகரத்து நகைக்கடைகளில் ஏறி இறங்கினான். எல்லாம் அச்சில் வார்த்து வருகிறது, கையால் செதுக்க ஆள் தேவையில்லை என்றார்கள். டண்டினொங் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் நின்றான். ஒன்றரை வருடம். போன மாசியில் பக்கத்து இயந்திரத்தில் நின்ற கிரேக்கனின் இரண்டு விரல்கள் போயின. அன்றிலிருந்து லீவரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் விக்னராஜா விரல்களை எண்ணினான். நாளுக்கு ஆயிரத்து இருநூறு தடவை.

கையால் செதுக்கத் தெரிந்தவர் தேவை என்று சேணக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து வந்து சொன்னவர் இரத்தினசிங்கம். அதே கட்டிடத்தின் கீழ்வீட்டில் இருக்கிறார். ரயில்வேயில் கிளார்க். எழுபத்தொன்றிலேயே வந்துவிட்டதால் இந்த நாட்டில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்.

அதை ஒட்டியிருந்த ரெக்ஸ், விக்னராஜா செதுக்கிய வெள்ளி மோதிரத்தை வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தான். நிபந்தனை ஒன்றுதான். மூன்று மாதம் பழகு. செப்டெம்பர் முடிவதற்குள் ஒரு கடிவாளத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீயே செய். அது சரியாக வந்தால் வாரம் ஐந்து நாளும் இங்கேதான். வராவிட்டால் கைகுலுக்கிப் பிரிவோம்.

கடிவாளம் அமெரிக்க மேற்குப் பக்கத்து மாதிரி. ரெக்ஸ் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஒரு பழைய விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் பழகினான். தொப்பி வைத்த கிப்ஸ்லாந்துப் பண்ணைப் பெண்கள் வாங்கினார்கள். விக்னராஜா காப்புகளில் செதுக்குகிற கொடியைச் செதுக்கினான். "அசல் மேற்கு!" என்று ரெக்ஸ் முதுகில் தட்டினான். எந்த மேற்கு என்று விக்னராஜாவுக்கு விளங்கவில்லை. குதிரையும் அப்படித்தான். அவன் அருகே நின்று பார்த்திருந்த ஒரே குதிரை கோயிலின் குதிரை வாகனம். வேட்டைத் திருவிழாவுக்கு முதல்நாள் அதன் வெள்ளிக் கடிவாளத்தை அவனுடைய பட்டறைதான் மினுக்கிக் கொடுக்கும். அந்தக் குதிரைக்கு எச்சில் கிடையாது.

அன்று மாலை சாப்பிடும்போது நாகேஸ்வரியிடம் சொன்னான்.

"துருவோடையே விட்டிட்டுப் போனவர்?" என்றாள் அவள்.

"ஓம். நான் எல்லாம் எடுத்து ஈயம் பூசிப்போட்டன்."

"நல்ல வேலை செய்தியள். வாயிலை காயம் கீயம் பட்டால் டெட்டனஸ், ஏற்பு வலியெல்லோ வரும். குதிரைக்குக் கெதியா வரும் எண்டு படிச்சனாங்கள்."

தேங்காய் கேட்டு வந்த இரத்தினசிங்கம் வாசலிலேயே நின்றார். "பத்தர் இப்ப குதிரைக்குப் பல்லும் கட்டுறாரோ?"

"அண்ணை, நீங்கள் தேங்காயை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றான் விக்னராஜா.

"கோவிக்காதையும். திங்கட்கிழமையிலிருந்து நீர் பெர்மனன்ட். என்ரை வாயாலை சொல்லிப்போட்டன்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, ரெக்ஸ் ஊரிலிருந்து வந்து இறங்கிய கையோடு, மிஸஸ் கோர்மன் குதிரையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். காருக்குப் பின்னால் இழுவை வண்டியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை. மறுநாள் பாக்கென்ஹாமில் போட்டி. விக்னராஜா கடிவாளத்தைப் புதுத் துணியில் சுற்றி இரு கைகளாலும் கொடுத்தான். அவள் பிரித்தாள். தகடுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "லவ்லி" என்றாள். அதன் பிறகு தண்டைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. ரெக்ஸைப் பார்த்தாள்.

ரெக்ஸ் வாங்கிப் பார்த்தான். நகத்தால் கீறினான்.  விக்னராஜா அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டான்.

"போட்டுப் பார்ப்போம்" என்றாள் மிஸஸ் கோர்மன்.

குதிரை வாயைத் திறந்து வாங்கியது. பிறகு தலையை மேலே எறிந்தது. நாக்கை உள்ளே இழுத்து, பல்லை இறுக்கி, மரம்போல நின்றது. அவள் வாரை மெல்ல இழுத்தாள். குதிரை வேறெங்கோ பார்த்தது. அவள் அதன் உதட்டோரத்தில் விரல் விட்டு எடுத்து, அந்த விரலை ரெக்ஸுக்குக் காட்டினாள். காய்ந்திருந்தது.

"துரு எங்கே, விக்?" என்றான் ரெக்ஸ்.

"எடுத்துவிட்டேன். முழுக்க."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. புளித்தண்ணீரிலிருந்தா, ஈயப் பாத்திரத்திலிருந்தா. "அழுக்கு" என்றான்.

ரெக்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தான். சத்தம் போடாமல்தான் சொன்னான். துரு குதிரைக்கு இனிக்கும். இனித்தால் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால் நாக்கு இளகும், வாய் கையின் பேச்சைக் கேட்கும். அதற்காகத்தான் செப்பும் பதிக்கிறோம். ஈயம் பூசிய தண்டு வாய்க்குள் கிடக்கிற ஒரு கரண்டி.

"எல்லோருக்கும் தெரியும்" என்றான் கடைசியில்.

விக்னராஜா தலையாட்டினான். துருவுக்காக ஒருவர் காசு கொடுக்கிறார், துருவை நீக்கினால் பொருள் கெடுகிறது என்பது தலைக்குள் போய், உட்கார இடமில்லாமல் நின்றது. பார்வைக்கு வெளியே இருக்கிற பகுதிக்கு இவ்வளவு விதி. பார்க்கிற பகுதிக்கு ஒரு 'லவ்லி'. நேற்று வரைக்கும் அவன் எதைச் செய்துகொண்டிருந்தான்?

"சுரண்டி எடுக்கிறேன்" என்றான்.

"சூடாக்கித் துடைத்தாலும் படலம் போகாது. முடியாது."

"கையால். மூன்று மணித்தியாலம்."

மிஸஸ் கோர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காருக்குள் போய் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்தாள். போகவில்லை.

அவன் சுரண்டினான். முக்கோணச் சுரண்டியின் மூன்று முனைகளையும் மாற்றி மாற்றித் தீட்டிக்கொண்டு, வளைவிலும் செப்புப் பட்டைகளின் விளிம்பிலும் மயிரிழை மயிரிழையாக ஈயத்தை எடுத்தான். கை தெளிவாக இருந்தது. அவனுக்குத்தான் ஒன்றும் தெளிவாக இல்லை. முடிந்ததும் ரெக்ஸ் வினிகரும் உப்பும் கொண்டுவந்து வைத்தான். "நீயே போடு" என்றான். சுத்தமான இரும்பில் விக்னராஜா தன் கையால் கறையைத் தடவினான். வெயிலில் வைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் மஞ்சள் படர்ந்தது. ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் நின்றார்கள், பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல.

தண்ணீர் விட்டு அலசிவிட்டு மறுபடி குதிரைக்குப் போட்டார்கள். அது தண்டை உருட்டியது. நாக்கால் துழாவியது. கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் சிவப்பாக நுரை வழிந்தது.

"இரத்தம்!" என்று விக்னராஜா முன்னே போனான்.

மிஸஸ் கோர்மன் சிரித்தாள். ரெக்ஸ் சிரிக்கவில்லை. இரத்தம் அல்ல, துருவும் எச்சிலும் கலந்த நீர், வெற்றிலைச் சாறு போல. குதிரை மென்றுகொண்டே அவனுடைய சட்டையை முகர்ந்து, தோளில் ஒரு செங்கோடு வைத்தது. அவன் அசையவில்லை. பயந்தானா என்று பிறகு நாகேஸ்வரி கேட்டபோது அதையும் அவனால் சொல்ல முடியவில்லை.

மிஸஸ் கோர்மன் குதிரையோடு போன பிறகு ரெக்ஸ் கொட்டகையைப் பூட்டினான். "நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், விக். பேச வேண்டும்" என்றான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வீட்டை வாறன் எண்டால் நல்லதுதானே?" என்றாள் நாகேஸ்வரி அன்றிரவு.

"இவங்கள் நிப்பாட்டிறதையும் வீட்டை வந்து மரியாதையாச் சொல்லுவாங்கள்" என்றார் இரத்தினசிங்கம். "எங்கடை ஒஃபிசிலை ஒருத்தனுக்குக் கேக்கும் குடுத்துத்தான் விட்டவங்கள்."

"அண்ணை, நேற்று பெர்மனன்ட் எண்டு சொன்னது நீங்கள்தானே?" என்றான் விக்னராஜா.

"நேற்று ஆருக்கடாப்பா தெரியும் துருவுக்கு இனிப்பு எண்டு? கேக்கிறன், நீர் ஒருக்கா நக்கிப் பாத்தனீரே?"

"பாத்தனான்."

"என்ன, இனிச்சதோ?"

"தெரியேல்லை" என்றான் விக்னராஜா. "ஈயம் எடுத்த கை. எல்லாம் ஒரே கைப்பு."

இரத்தினசிங்கம் சிரிக்கத் தொடங்கி, நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விக்னராஜா மேசையில் கைகளை விரித்து வைத்தான். ஒருதரம் எண்ணினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மழை பெய்தது. நாகேஸ்வரி ஏழு மணி டியூட்டிக்குப் போனாள். விக்னராஜா குசினியைக் கூட்டினான். மழை விட்டதும் உடுப்புகளைத் தோய்த்துக் காயப்போட்டான். மூன்று மணிக்கு ரெக்ஸ் வந்தான். சப்பாத்தில் சேறு என்று உள்ளே வரவில்லை. மிஸஸ் கோர்மனின் குதிரை நாலாவதாக வந்தது என்றான். தகடும் செதுக்கும் விக்குக்கு, இரும்பும் வாயும் தனக்கு என்றான். செதுக்கு மட்டும் என்றால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளுக்குத்தான் வேலை இருக்கும். ஐந்து நாளுக்கு இருக்காது. சம்மதமா என்று கேட்டான். விக்னராஜா சம்மதம் என்றான். ரெக்ஸ் கைகுலுக்கினான். பிரிவதற்கா, தொடங்குவதற்கா என்று விக்னராஜா கேட்கவில்லை. ரெக்ஸ் போன பிறகு இரத்தினசிங்கத்தின் வீட்டுத் தொலைபேசியில் பழைய தொழிற்சாலை ஃபோர்மனின் வீட்டுக்கு, மற்ற இரண்டு நாளுக்கும் வேலை கேட்டுப் பேசினான். பிரஸ்ஸில் வியாழனும் வெள்ளியும் ஆள் வேண்டும், ஆறரைக்கு வா என்றார் ஃபோர்மன். நாலரைக்கு நாகேஸ்வரி வந்தாள். அவன் சொன்னான். அவள் மூன்று நாள் என்றாள். அவன் இரண்டு நாள் என்றான். உடுப்புகள் காய்ந்திருக்கவில்லை. எடுத்துக் கதிரைகளின் மேல் விரித்தார்கள். சோறும் பருப்பும் சாப்பிட்டார்கள்.