தங்கவேலு டைமரில் என்ன போட்டிருக்கிறான்?

போன மாதம் ஒரு போன். எடுத்ததுமே கேள்வி.

"ஏன்டா மாப்ள, எம்பட டைமர் மூடியக் கழட்டுனியா?"

தங்கவேலு! சாதாரண நாளிலேயே நான் பேசத் தயங்குகிறவன். குற்றமும் செய்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராசிபுரத்தில் எனக்குச் சின்னக் கடை. கோழிப்பண்ணைகளுக்கு லைட் டைமர் செய்கிறேன். விடிவதற்கு முன்பே ஷெட்டில் லைட்டைப் போட்டு, இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைக்கும் பெட்டி. வெளிச்சம் நேரத்துக்கு வந்தால்தான் கோழி ஒழுங்காக முட்டையிடும். தங்கவேலுவும் இதே டைமர்தான் செய்கிறான். சேலத்தில் டிவி மெக்கானிக் வேலை படித்தபோது எனக்குப் பக்கத்து ஸ்டூல். அப்போது அவன் சால்டரிங்கைவிட என்னுடையது நன்றாக இருக்கும். இதை நான் இன்னும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாமக்கல் பக்கம் சம்பூர்ணம் அக்காவுக்குப் பத்து ஷெட். அக்கா ஒரு பரீட்சை வைத்தார். ஒரே சுவரில் என் டைமர் ஒன்று, அவன் டைமர் ஒன்று. மூன்று மாதம். எது நேரம் தவறாமல் ஓடுகிறதோ, பத்து ஷெட்டுக்கும் அதுதான்.

முதல் மாதக் கடைசியில் போனேன். நேரம் ஒத்துப்பார்க்க அக்கா செல்போனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஏனுங் தம்பி, உங்க பொட்டி ரெண்டரை நிமிசம் முன்னால ஓடுதுங்களே? அவருது நூல் புடிச்சாப்ல ஓடுது பாருங்க."

"ரெண்டரை நிமிசந்தானுங்க அக்கா... கோழிக்குத் தெரியாதுங்க."

"கோழிக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுதுங்களே! வருசம் போனா அரை மணி நேரமாயிருமுங்க."

அக்கா அந்தப் பக்கம் போனார். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பெட்டியின் சிவப்பு எண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. அப்படி என்னதான் போட்டிருக்கிறான்? பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கை என் பெட்டிக்குப் போகவில்லை...

டைமருக்குள் கிரிஸ்டல் என்று ஒரு குட்டித் தகர டப்பி உண்டு. டைமரை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குத் தாளம் போடுவது அதுதான். அதன் இரண்டு காலிலும் பருப்பு சைஸில் ஆளுக்கொரு கெபாசிட்டர். கெபாசிட்டரின் அளவைப் பி.எஃப். என்று சொல்வோம்; அது குறைந்தால் தாளம் ஒரு துளி வேகமாகும். கூடினால் ஒரு துளி மெதுவாகும். நான் எப்போதும் போடுவது 22 பி.எஃப். ஏன் 22? முதல் போர்டில் போட்டேன், ஓடியது. அதற்கு மேல் யோசித்ததில்லை.

அவன் போர்டில் 33!

அடப்பாவி, இதுதானா ரகசியம்? மறுநாளே என் பெட்டியிலும் 33 மாட்டி, நேரத்தையும் திருத்தி வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் மாதக் கடைசி. "தம்பி, இப்ப ரெண்டு நிமிசம் பின்னால போவுதுங்க!" என்றார் அக்கா. "போன மாசம் முன்னால, இந்த மாசம் பின்னால. டைமருங்களா, ஊஞ்சலுங்களா?"

அதற்கு மறுநாள்தான் அந்தப் போன்.

"மூடி ஸ்க்ரூ மேல சீல் மாதிரி நெயில் பாலிஷ் வெச்சிருந்தேன்டா. இன்னிக்குப் போனா உடைஞ்சிருக்குது. அந்தப் பண்ணையில வேற எவன் ஸ்க்ரூடிரைவரோட திரியறான்?"

மேஜை மேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரை டிராயருக்குள் தள்ளினேன்.

"சரி உடு. எம்பட கெபாசிட்டரப் பாத்தியே, கிரிஸ்டலப் பாத்தியா?"

"அது... ஒரே மாதிரிதான இருந்துச்சு?"

"பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான்டா இருக்கும். என்னுது இருவது பி.எஃப். லோடு கேக்கற சாமான், அதுக்குத் தக்கனதான் கெபாசிட்டர் போடோணும். உன்னுது எத்தன கேக்குதுன்னு வாங்குன கடையில கேட்டியா?"

கேட்கவில்லை. பதினைந்து வருடமாகக் கேட்கவில்லை. எனக்குக் கூச்சம்! "எட்டு மெகா கிரிஸ்டல், ஒரு பாக்கெட்" என்று சீட்டில் எழுதி நீட்டுவதோடு சரி.

அன்றைக்குக் கேட்டேன். கடைக்காரர் விவரத் தாளை எடுத்துக் கொடுத்தார். பதினெட்டு என்று இருந்தது. கணக்குச் சொன்னது தங்கவேலு. போர்டின் தடமும் சிப்பின் காலும் சேர்ந்தே சுமார் நாலு கொடுத்துவிடும். மிச்சம் பதினான்கு. இரண்டு கெபாசிட்டரும் சேர்ந்தால் கிரிஸ்டலுக்கு ஒன்றின் பாதிதான் தெரியும்; ஆகவே ஒவ்வொன்றும் இருபத்தெட்டு. கடையில் கிடைப்பது 27. மாட்டினேன்.

இதில் என்னை உறுத்தியது என்ன தெரியுமா? அவன் திட்டவே இல்லை. போட்டிக்கு நிற்கிறவன் நல்லவனாகவும் இருந்துவிட்டால் நாம் எங்கே போவது? கெட்டவன் என்றாலாவது பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைக்கும்...

போன ஞாயிறு அக்கா மறுபடி செல்போனைப் பிடித்துப் பார்த்தார். செல்போன், இரண்டு பெட்டி, மூன்றும் ஒரே நேரம். எனக்கு மூச்சு வந்தது.

"இப்ப ரெண்டும் ஒண்ணாத்தானுங்க ஓடுது. ஆனா மொத நாள்ல இருந்து சரியா ஓடுனது அவருதுதானுங்களே, தம்பி?"

பத்து ஷெட்டும் தங்கவேலுவுக்கு. என் பெட்டியைக் கழற்றப் போனேன். "அது பாட்டுக்கு ஓடட்டுமுங்க, சாமி" என்று தடுத்துவிட்டார்.

ஆகவே என் பெட்டி அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அடிக்கடி பார்க்கப் போவேன். போனதும் முதலில் பார்க்கப்போவது அவன் பெட்டியைத்தான் — ஒரு நொடியாவது தப்பியிருக்காதா?