தம்பிக்காக வெள்ளச்சி எடுத்த பேச்சு

வெள்ளச்சியின் தம்பி செல்லன் மேல் இருந்த வழக்கு, அவளைப் பொறுத்தவரை, ஒரு பந்தியில் முடிந்துபோனது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே இருக்கிறது அவர்கள் ஊர். மனம் பிசகியிருந்த நாட்களில் செல்லன் பக்கத்து வீட்டு இருசப்பனைக் கொடுவாளால் வெட்டிவிட்டான். இருசப்பனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. போலீஸ் செல்லனைக் கொண்டுபோன பிறகு ஊர் கூடியது. வெள்ளச்சி ஆடு வெட்டிச் சாமைச்சோறு ஆக்கினாள். இரு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தவர் ஊருக்கே சோறு போட வேண்டும். போடும்வரை ஊரார் ஒருவரும் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

கீழே கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு அந்தப் பந்தி தெரியாது. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் செல்லன் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வழக்கை நிறுத்திவைத்து, அவனைச் சென்னையில் ஒரு மனநல மருத்துவமனையில் காவலில் வைத்தார்கள். தண்டனை இல்லை, அதனாலேயே விடுதலைக்கு ஒரு தேதியும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, இலவச சட்ட உதவி வக்கீல் செலினா மலையேறி வந்தார்.

"தம்பி இப்ப தெளிவா இருக்காரு. உங்களைத்தான் கேக்கறாரு. ஏன் ஒருதரம்கூட கோர்ட்டுக்கு வரல?"

"கேஸுதான் சோறு தின்னு முடிஞ்சிச்சேம்மா. வைத்தியம் முடிஞ்சா அவங்களே அனுப்பிடுவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அந்த வாரமே வெள்ளச்சி சென்னைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற செல்லன் முதலில் கேட்டது, "காட்ட இப்ப யாரு உழறாங்க?"

அவனை அக்காவின் பொறுப்பில் விடக் கோரி செலினா மனு போட்டார். ஊருக்கு ஆபத்து உண்டா என்று விசாரிக்க உத்தரவானது. ஏட்டு ஒருவர் வீடுவீடாக வந்து கேட்டார். எடுக்கக் கூடாத பேச்சு என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊருக்கு அவன் வருவதில் விருப்பமில்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடியானது.

"மறுபடி போடலாம். ஆனா வெட்டுப்பட்டவரே வந்து சொன்னாத்தான் நிக்கும்" என்றார் செலினா.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் வெள்ளச்சி எழுந்து இருசப்பனைப் பார்த்தாள்.

"மாமா, என் தம்பி உன்ன வெட்டினான்."

ஊர்க்கவுண்டர் மாயவன் நிமிர்ந்தார். "இன்னா புள்ள, சோறு தின்ன பேச்ச எடுக்கற?"

"எடுத்தது நான். குத்தம் என்னுது. என் வூட்டுல யாரும் தண்ணி குடிக்க வேணாம். அறுப்பு முடிஞ்சதும் சோறு போடறேன். கேட்டவளுக்கு இவரு பதில் சொன்னா குத்தமில்லியே?"

அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. "பதில் சொல்றது குத்தமில்ல" என்றார் மாயவன்.

"ரெண்டு வெரலு போச்சு. இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்றார் இருசப்பன்.

"கோர்ட்டுக்கு ஒரு நடை."

"பஸ்ஸுல எனக்கு வாந்தி வரும்."

"ஜன்னலோரம் எடம் புடிச்சித் தரேன்."

மறுபடி போட்ட மனு விசாரணைக்கு வந்த அன்று கள்ளக்குறிச்சியில் நீதிபதி இருசப்பனிடம், செல்லன் திரும்பி வந்தால் பயமில்லையா என்று கேட்டார்.

"இல்லன்னா பொய்ங்கய்யா. மருந்து தின்னாம வுட்டான்னா நானே வந்து சொல்லுவேன். தின்னான்னா, பக்கத்து வூட்டுலயே இருக்கட்டுங்க."

செல்லனை வெள்ளச்சியின் பொறுப்பில் விடும்படி உத்தரவானது. மாதாமாதம் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். கூப்பிடும்போதெல்லாம் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

"கேஸு முடியல. இனிமேதான் விசாரணை. தண்டனைகூட வரலாம்" என்று வெளியே வந்ததும் செலினா சொன்னார்.

"வரட்டும்மா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே இட்டுக்கினு வரேன். இப்ப கெளம்பினா இன்னிக்கே சென்னைக்குப் போயிடலாமா?"

"உத்தரவு காப்பி நாளைக்குத்தான் கெடைக்கும்."

"அப்ப இங்கியே இருக்கேன்" என்று வெள்ளச்சி நீதிமன்றப் படியில் உட்கார்ந்தாள்.