சித்தப்பாவின் இரட்டைப்பிடி இழைப்புளி

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்த ஒரு முறை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தப்பா கிள்ளானில் தச்சர். அந்த வருடத் தைப்பூசத்துக்கு அப்பாவின் காவடியை அவர்தான் செய்தார். மரத்தை வளைவாக அறுத்தாகிவிட்டது. தோளில் உட்காரும் உள்வளைவை மட்டும் வழுவழுப்பாக இழைக்க வேண்டும். அதற்கென்று அவரிடம் ஒரு சின்ன இழைப்புளி இருந்தது. சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு பக்கமும் பிடி, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு. சாதாரண இழைப்புளி நுழையாத வளைவில் அது நுழையும்.

எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு அலகு குத்துவார்கள் என்று பள்ளியில் ஒருத்தி சொல்லிவிட்டாள். கன்னத்தில் வேல் ஏறுவதை நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை. இழைப்புளி இல்லாவிட்டால் காவடி இல்லை, காவடி இல்லாவிட்டால் வேலும் இல்லை. மகா புத்திசாலி நான். சித்தப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் இரைந்து ஓடிய லொங்காங் சாக்கடையில் அதைப் போட்டேன்.

சித்தப்பா பட்டறையையே கவிழ்த்துப் போட்டுத் தேடினார். "இங்கதாண்ணே வச்சேன். எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு," என்றார். கடைகளில் அது கிடைக்கவில்லை. உடைந்த கண்ணாடியாலும் சேண்ட் பேப்பராலும் சுரண்டிப் பார்த்தார். மறுநாள் தைப்பூசம். "விடுடா, துணி சுத்திக்கலாம் லா," என்றார் அப்பா.

பத்துமலையில் பாதிப் படியிலேயே வியர்வையில் துணி நழுவிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வேல் ஏறிய கன்னத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தோளில்தான் தோல் உரிந்து ரத்தம் முதுகில் இறங்கியது. சித்தப்பா மரத்துக்கும் தோளுக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்துக்கொண்டே ஏறினார். காவடியை இறக்கியபோது அவர் விரல்களும் உரிந்திருந்தன.

போன வருடம் என் மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். "உனக்கும் ஆறு வயசுல இப்படித்தான். டாக்டரே கைய விரிச்சிட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே உங்கப்பா காவடி நேர்ந்துக்கிட்டாரு." அந்த ஆஸ்பத்திரி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்பா வாங்கித் தந்த ஐஸ்கிரீம்தான் ஞாபகம்.

அப்பாவின் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா தன் மறதியைத் திட்டிக்கொள்கிறார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.