வொல்சுன் அக்காவின் பீர்க்கந்தண்ணீர்

தென்கொரியாவின் கூன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற 'பைன்மரம்' என்ற பொதுக் குளியலகத்தில், பெண்கள் பக்கம் அழுக்குத் தேய்க்கிறவள் தக் வொல்சுன். ஐம்பத்தெட்டு வயது. கறுப்பு உள்ளாடையோடு, கையில் சொரசொரப்பான பச்சைத் துணியை மாட்டிக்கொண்டு நிற்பாள். வெந்நீர்த் தொட்டியில் ஊறி வந்தவளைக் கட்டிலில் கிடத்தி, அழுக்கைத் திரித்திரியாக உருட்டி எடுப்பாள். கை வேகம் அப்படி. வாய் அதைவிட வேகம். இது உடம்பா, உரச்சாக்கா என்று கேட்டுக்கொண்டேதான் தேய்ப்பாள். யாரையும் அவளுக்குப் பிடிக்காது. அவளையும் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் அவள் கட்டிலுக்குத்தான் கூட்டம், காரணம் அந்தப் பீர்க்கந்தண்ணீர்.

குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் நுரைப்பீர்க்கு ஏற்றியிருந்தாள். இலையுதிர் காலம் வந்ததும் கொடியை முழங்கால் உயரத்தில் அறுத்து, வேர்ப்பக்கத்து நுனியை வளைத்து ஒரு பாட்டிலுக்குள் சொருகிவிடுவாள். விடிவதற்குள் பாட்டில் நிறையத் தெளிந்த தண்ணீர் இறங்கியிருக்கும். அதைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோஜு சாராயம் விட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வாள். தேய்த்துச் சிவந்த முகத்தில் அதைத் தூறலாக அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு 'அப்பாடா' என்பார்கள். இதில் ஒரு மருந்தும் இல்லை, செடி கொடுத்த தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சோஜுவைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டாள்.

அப்படி இருந்த இடத்தில்தான் முதலாளியம்மா யோம் இரண்டாவது கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அதற்கு குக் மிரான் என்று ஒருத்தியையும் கூட்டிவந்தாள். உனக்கு முழங்கால் வலி, பாவம், ஒத்தாசைக்கு ஆள் என்றாள் முதலாளியம்மா. ஒத்தாசையாம்! வொல்சுன் என்ன பாப்பாவா? இன்றைக்கு இரண்டு கட்டில், நாளைக்கு ஒரு கட்டில், அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? இந்த வயதில், இந்த முழங்காலோடு, வேறெந்தக் குளியலகத்திலும் அவளுக்குக் கட்டில் கிடைக்காது. இது போனால் தெருதான்.

மிரான் அழகு நிலையத்தில் வேலை பார்த்தவள். வந்த அன்றே சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். அவள் கடையில் வாங்கி முகத்துக்கு அடிக்கிற தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஈரத்தை இழுத்துப் பிடிக்க ஹயலுரோனிக் அமிலம், அது பறந்துவிடாமல் இருக்கக் கிளிசரின், எரிச்சல் அடங்கப் பாந்தெனால், சிவப்பு தணிய வல்லாரைச் சாறு. மரிக்கொழுந்து ஜாதி இலை ஒன்றும் சேர்ந்திருந்ததால் லேசாக ஒரு பச்சை வாசனை வரும். வொல்சுன் அந்தத் தாளைப் படித்துவிட்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"வாய்க்குள்ளயே நுழையாத பேரெல்லாம் தோலுக்குள்ள எப்படிடி நுழையும்?"

மிரான் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்புதான் வொல்சுனுக்கு வயிற்றெரிச்சல். அதோடு விட்டதா? ஒருநாள் வெந்நீர்த் தொட்டி நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது மிரான் பீர்க்கந்தண்ணீர் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அக்கா, இது முகத்துக்கா, இல்ல தொட்டுக்க வறுத்த கணவாயும் தருவீங்களா? சோஜு வாடை தூக்குதே."

தொட்டியே அதிரச் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வொல்சுன் பதிலுக்கு ஏதோ முணுமுணுத்தாள், யார் காதிலும் ஏறவில்லை. மூக்கு உடைந்தது உடைந்ததுதான். அன்று வீட்டுக்குப் போய், சோஜு கலந்த தண்ணீரை எல்லாம் கழிவறையில் ஊற்றினாள். மிச்சமிருந்த கொடிகளை அறுத்துப் புதுத் தண்ணீர் இறக்கினாள். அதில் ஒரு சொட்டு சோஜு விடவில்லை. இப்போது மோந்து பாருடி என்று தனியாக நின்று கறுவினாள். தண்ணீரைக் கெடாமல் காத்ததே அந்த சோஜுதான். வீம்புக்கு முன்னால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

சுத்தமான தண்ணீர் என்று பெருமையடித்து, ஃபிரிட்ஜிலும் வைக்காமல், கட்டில் ஓரத்திலேயே எல்லோரும் பார்க்க வைத்தாள். குளியலகத்துச் சூடும் ஆவியும் தெரிந்ததுதானே.

முதலாளியம்மாவின் மகள் சேரினுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தேய்த்துக் குளிக்க வந்த பெண், சின்ன வயதிலிருந்து தன்னைத் தேய்த்துவிட்ட வொல்சுனைத் தாண்டிப் போய் மிரான் கட்டிலில் படுத்துக்கொண்டாள். வொல்சுன் பார்த்துக்கொண்டே நின்றாள். மிரான் தேய்த்து, தன் தண்ணீரை அடித்து அனுப்பினாள். உடை மாற்றும் இடத்தில் வொல்சுன் அந்தப் பெண்ணை மறித்து, கண்டதையும் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்லி, முகம் நிறையப் பீர்க்கந்தண்ணீரை அடித்துவிட்டாள்.

மறுநாள் சேரின் முகம் கொப்புளித்துப்போனது. கன்னம் இரண்டும் வீங்கி, கண் சின்னதாகிவிட்டது.

செய்தி வந்ததும் வொல்சுன் செய்த முதல் காரியம், தன் பாட்டிலைத் திறந்து மோந்ததுதான். ஊறிக் கிடந்த கரித்துணி வாடை அடித்தது. உள்ளே சளி மாதிரி நூல் நூலாக ஏதோ மிதந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியவள் என்ன செய்தாள்? பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்தாள்.

முதலாளியம்மா ருத்ரதாண்டவம் ஆடிக்கொண்டு வந்தாள். நேராகச் சுவருக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தாள். அமிலம் என்று எழுதியே வைத்திருக்கிறாள், என் பெண்ணின் முகத்தில் அமிலத்தை அடித்திருக்கிறாள் என்று கத்தினாள். மிரான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வேண்டுமானால் அக்காவின் தண்ணீரை மோந்து பாருங்கள் என்றாள். வொல்சுன் பாட்டிலை நீட்டினாள்.

"பாருங்க முதலாளியம்மா. நல்லாப் பாருங்க. பச்சத்தண்ணி மாதிரி இருக்கா இல்லயா?"

பச்சைத்தண்ணீரேதான்! முதலாளியம்மா மோந்தாள், திருப்தியானாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மிரான் அன்றைக்கே துணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். போகும்போது வொல்சுனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அமிலம் அடிக்கிறவள் என்று பேராகிவிட்டது, ஊரில் எந்தக் குளியலகமும் அவளைச் சேர்க்கவில்லை. துறைமுகத்தில் மீன் காயவைக்கிற கொட்டகையில் வேலைக்குப் போனாள்.

கட்டில் மறுபடி ஒன்றாகிவிட்டது. அது வொல்சுனுடையது. ஜெயித்தாயிற்று. அப்புறம்தான் தொல்லை தொடங்கியது.

எல்லோரும் பீர்க்கந்தண்ணீர் கேட்டார்கள். முன்பு மிரானிடம் போனவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். வீட்டில் மிச்சமிருந்த பாட்டில் ஒன்றைத் திறந்து, தன் கையைத் தேய்த்து அதில் அடித்துப் பார்த்தாள். காலையில் கை தடித்திருந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள். மாடியில் அறுத்த கொடிகள் சருகாகிக் கிடந்தன, அடுத்த வருஷம் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. வெறும் குழாய்த் தண்ணீரை அடித்துச் சமாளித்தாள். அடித்தபோது குளிர்ச்சியாக இருந்தது, காய்ந்ததும் முகம் வறண்டு இழுத்தது. என்னக்கா, முன்ன மாதிரி இல்லையே என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூஞ்சியில் மாஸ்க் மாட்டிக்கொண்டு பக்கத்து ஊரான இக்சானுக்கு பஸ் ஏறினாள். தன்னை யாருக்கும் தெரியாத அழகுசாதனக் கடையில் மிரானுடைய அதே தண்ணீரைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்கினாள். சொல்லவராத பேரெல்லாம் அன்றைக்கு நன்றாகவே வந்தது. வீட்டில் அதைத் தன் பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான், குளியலகமே கொண்டாடியது. என்ன இருந்தாலும் செடித் தண்ணீர் செடித் தண்ணீர்தான் என்றார்கள். முகம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, அந்த அமிலக்காரி எங்கே, நீங்கள் எங்கே என்றார்கள். தேள் கொட்டின திருடன் மாதிரி வொல்சுன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். யாரையும் திட்டக்கூட இல்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டார்கள்.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், மிரான் வந்தாள். குளிக்கிறவளாக, மற்றவர்களைப் போலக் காசு கட்டிவிட்டு வந்தாள். வெந்நீரில் ஊறிவிட்டு நேராக வந்து வொல்சுன் கட்டிலில் படுத்தாள். மிரான் கையெல்லாம் உப்பில் வெடித்திருந்தது, எவ்வளவு தேய்த்தும் மீன் வாடை போகவில்லை. வொல்சுன் தேய்த்தாள். அந்தப் பச்சைத் துணி அன்றைக்கு அவ்வளவு கனத்தது.

தேய்த்து முடிந்தது. மிரான் மல்லாந்து கிடந்தபடியே சொன்னாள்.

"முகத்துக்கு அடிக்கலயாக்கா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிக்காமல் எப்படி விடுவது? வொல்சுன் பாட்டிலை எடுத்து அடித்தாள். மிரானுடைய தண்ணீரின் அந்தப் பச்சை வாசனை இரண்டு பேருக்கும் நடுவில் எழும்பியது. மிரான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள், கண்ணைத் திறந்தாள், வொல்சுன் முகத்தையே பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று வொல்சுன் காத்திருந்தாள். சொல்லித் தொலைத்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

மிரான் எழுந்து உட்கார்ந்தாள். தொட்டி வரைக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"பீர்க்கந்தண்ணி ரொம்ப நல்லா இருக்குக்கா. இனிமே வாராவாரம் வர்றேன். எனக்குன்னு எடுத்து வைங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்து ஒரு கிழவி கட்டிலில் ஏறிப் படுத்து, எனக்கும் அதையே அடி என்று முகத்தை நீட்டினாள்.